பிரேக் லைட், டெயில் லைட் எரியவில்லையா? கோளாறு எங்கே என்று விளக்கே சொல்லும்

மோட்டார் சைக்கிளில் ஓட்டுபவர் கண்ணுக்கே தெரியாத விளக்கு பின்விளக்குதான். ஹெட்லைட் போனால் சாலை இருண்டுவிடும், அந்த நொடியே தெரியும். இண்டிகேட்டர் பல்பு ஒன்று போனால் மீட்டரில் சிமிட்டும் வேகமே மாறிவிடும். பின்னால் இருக்கும் சிவப்பு விளக்கு மட்டும் சத்தமில்லாமல் போய்விடும். யாராவது பக்கத்தில் வந்து “பின்னாடி லைட் எரியலங்க” என்று சொல்கிறவரை தெரியாமலே ஓட்டிக்கொண்டிருப்போம். திடீரென்று பிரேக் பிடிக்கும்போது பின்னால் வருகிறவருக்குக் கிடைக்கும் முதல் தகவல் அந்த வெளிச்சம்தான். அதனால் இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

நல்ல வேளையாக, வண்டியின் மின்சார வேலைகளிலேயே இதுதான் எளிதானது. வீட்டிலேயே பார்த்துவிடலாம். பலரும் செய்வது என்னவென்றால், எரியவில்லை என்றதும் பல்பை மாற்றுவார்கள். அப்போதும் எரியாவிட்டால் சுவிட்சை மாற்றுவார்கள். அதன் பிறகும் எரியாவிட்டால் ஒயரிங்கையே அவிழ்க்க ஆரம்பித்துவிடுவார்கள். ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன் எது எரிகிறது, எது எரியவில்லை, எதைத் தொட்டால் என்ன மாறுகிறது என்று ஐந்து நிமிடம் பார்த்தாலே போதும். சந்தேகப்பட வேண்டிய இடம் ஒன்றிரண்டாகச் சுருங்கிவிடும். அதற்கு மின்சாரம் போகும் பாதை மட்டும் மனதில் பதிய வேண்டும்.

ஒரே பல்பில் இரண்டு விளக்கு

எல்இடி இல்லாத வண்டிகளில் டெயில் லைட்டும் பிரேக் லைட்டும் பெரும்பாலும் ஒரே பல்புதான். பல்பின் அடிப்பாகத்தில் 12 வோல்ட், 21/5 வாட் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இரண்டு இழைகள். 5 வாட் இழை மெலிதாக எரிவது டெயில் லைட். 21 வாட் இழை பளிச்சென்று எரிவது பிரேக் லைட். பிரேக் பிடிக்கும்போது இரண்டும் சேர்ந்தே எரியும்.

பல்பைக் கையில் எடுத்து அடிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஈயம் வைத்த இரண்டு பொட்டுகள் தெரியும். ஒவ்வொரு பொட்டும் ஓர் இழைக்கு மின்சாரம் கொண்டுபோகும் வழி. பக்கவாட்டில் இருக்கும் பித்தளை உடம்பு இரண்டு இழைகளுக்கும் பொதுவான திரும்பும் வழி, அதாவது எர்த். உடம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு சிறு முளைகளையும் கவனியுங்கள். இரண்டும் ஒரே உயரத்தில் இருக்காது. ஒன்று சற்று மேலே, மற்றது சற்றுக் கீழே. பல்பு ஒரே வாக்கில்தான் ஹோல்டருக்குள் போகவேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

இதை அறியாமல் வலுக்கட்டாயமாகத் திருப்பி மாட்டுகிறவர்கள் உண்டு. பழைய, தளர்ந்த ஹோல்டரில் அப்படியும் உட்கார்ந்துவிடும். அப்போது இழைகள் இடம் மாறிவிடும்: டெயில் லைட் எப்போதும் பளிச்சென்று எரியும், பிரேக் பிடித்தால் மெல்லிய இழை அதனோடு சேரும், வெளிச்சத்தில் மாற்றமே தெரியாது. ஓட்டுகிறவர் “லைட் நல்லாத்தானே எரியுது” என்று நினைத்துக்கொண்டிருப்பார். பின்னால் வருகிறவருக்கோ இவர் பிரேக் பிடிப்பதே தெரியாது. எரியாத விளக்கைவிட இது ஆபத்தானது என்பேன். மேலும் 21 வாட் இழை மணிக்கணக்கில் எரிந்தால் அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் கண்ணாடி உருகி வளையவும் கூடும். ஒற்றை இழை பல்பு ஒன்றை வாங்கி இதற்குள் திணித்தாலும் இதே மாதிரிக் குழப்பம்தான் வரும்.

மின்சாரம் போகும் பாதை

பேட்டரியின் பாசிட்டிவில் கிளம்பும் மின்சாரம் பியூஸைத் தாண்டி இக்னிஷன் சாவிக்கு வருகிறது. அங்கிருந்து இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை, மீட்டர் வெளிச்சத்தோடும் ஹெட்லைட்டோடும் சேர்ந்து டெயில் லைட்டின் 5 வாட் இழைக்குப் போகிறது. இன்னொரு கிளை பிரேக் சுவிட்சுகளுக்குப் போகிறது.

பிரேக் சுவிட்ச் இரண்டு: கை லிவருக்கு ஒன்று, கால் பெடலுக்கு ஒன்று. இரண்டும் பக்கவாட்டில் இணைக்கப்பட்டவை. அதாவது எதை அமுக்கினாலும் மின்சாரம் கடந்துபோகும், ஒன்று கெட்டாலும் மற்றொன்று வேலை செய்யும். சுவிட்சுகளைக் கடந்தபின் இரண்டின் ஒயரும் ஒன்றுசேர்ந்து, ஒரே ஒயராக 21 வாட் இழைக்குப் போகிறது. கடைசியில் இரண்டு இழைகளின் மின்சாரமும் பல்பின் உடம்பு வழியாக ஒரே எர்த் ஒயரில் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்புகிறது.

எந்தப் பகுதி பொது, எந்தப் பகுதி தனி என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பேட்டரி, பிரதான பியூஸ், சாவி, எர்த் ஆகியவை இரண்டு விளக்குக்கும் பொது. இழையும் அதற்கு வரும் ஒயரும் தனித்தனி. சுவிட்ச் கைக்கும் காலுக்கும் தனித்தனி. ஒன்று எரிந்து ஒன்று எரியவில்லை என்றால், பொதுவான பகுதி நன்றாக இருக்கிறது என்று விளக்கே சொல்லிவிடுகிறது.

இனி வண்டியைச் சுவர் பக்கம் பின்புறம் இருக்கும்படி நிறுத்துங்கள். சாவியைப் போட்டு, டெயில் லைட், கை பிரேக், கால் பிரேக் என ஒவ்வொன்றாகப் பாருங்கள். இருட்டியபின் பார்த்தால் சுவரில் விழும் சிவப்பு வெளிச்சமே போதும், இறங்கிப் பின்னால் போக வேண்டாம்.

கை பிரேக்கில் எரிகிறது, கால் பிரேக்கில் எரியவில்லை என்றால் பல்பைத் தொடவே வேண்டாம். பல்பு, பியூஸ், எர்த் எல்லாம் நலம். கால் சுவிட்சையும் அதற்கு வரும் இரண்டு ஒயரையும் மட்டும் பாருங்கள். கால் பிரேக்கில் எரிந்து கை பிரேக்கில் எரியாவிட்டால் கை சுவிட்ச். அநாவசியமாகப் பல்பு மாற்றுவது அதிகம் நடப்பது இந்த இடத்தில்தான்.

டெயில் எரிகிறது, இரண்டு பிரேக்கிலும் பிரேக் லைட் வரவில்லை. இரண்டு சுவிட்சும் ஒரே நாளில் கெடுவது அபூர்வம். எர்த் பொதுவானது, டெயில் எரிவதால் அது சரி. எஞ்சியது 21 வாட் இழை, சுவிட்சுக்கு முந்தைய மின்சார வரத்து, சுவிட்சுகளிலிருந்து பல்புக்குப் போகும் ஒற்றை ஒயர். இங்கே ஹார்னை ஒருமுறை அடித்துப் பாருங்கள். பல வண்டிகளில் ஹார்ன், இண்டிகேட்டர், பிரேக் லைட் மூன்றும் ஒரே பியூஸில் இருக்கும். மூன்றும் சேர்ந்து ஊமையாக இருந்தால் பியூஸ். ஹார்ன் அடித்தால் முதலில் பல்பைப் பாருங்கள்.

பிரேக் எரிகிறது, டெயில் எரியவில்லை. 5 வாட் இழை அறுந்திருக்கலாம். மீட்டர் வெளிச்சமும் சேர்ந்து போயிருந்தால் அந்தக் கிளையின் பியூஸ் அல்லது லைட் சுவிட்ச். ஒன்று சொல்ல வேண்டும்: பழைய வடிவமைப்பில் உள்ள சில வண்டிகளில் ஹெட்லைட்டும் டெயில் லைட்டும் பேட்டரியில் ஓடுவதில்லை, என்ஜின் சுழலும்போது காயிலில் பிறக்கும் மின்சாரத்திலேயே நேரடியாக எரியும். அவற்றில் என்ஜின் ஓடாதபோது டெயில் லைட் எரியாது. அது கோளாறு இல்லை, ஸ்டார்ட் செய்துவிட்டுப் பாருங்கள்.

டெயில், பிரேக் இரண்டுமே இல்லை, ஆனால் ஹார்ன், ஹெட்லைட் எல்லாம் சரி. அப்படியானால் பின்பக்கத்தின் பொதுப் பகுதியைச் சந்தேகப்படுங்கள்: எர்த் ஒயர், சீட்டுக்கு அடியில் உள்ள கனெக்டர், ஹோல்டர். இரண்டு இழைகளும் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. ஓர் இழை அறுந்ததைக் கவனிக்காமல் நாள்கணக்கில் ஓட்டி, மற்றதும் போன பிறகு பார்க்கிறவர்களே அதிகம்.

பல்பும் ஹோல்டரும்

பல்பைக் கழற்ற, உள்ளே அமுக்கி இடப்பக்கம் திருப்பினால் வந்துவிடும். இப்போதுதான் எரிந்ததென்றால் சூடு ஆறட்டும். கண்ணாடி கறுத்திருந்தால் ஆயுள் முடிந்த பல்பு. உள்ளே பால் நிறமாகப் புகை படிந்திருந்தால் காற்று புகுந்துவிட்டது என்று பொருள். இழை முழுசாகத் தெரிந்தாலும் நம்பிவிடாதீர்கள். தாங்கும் கம்பியோடு சேரும் இடத்தில் விட்டுப்போய், குலுங்கும்போது மட்டும் தொட்டுக்கொண்டிருக்கலாம். உறுதியாகச் சொல்ல ஒரே வழி, பேட்டரியில் வைத்துப் பார்ப்பது. பித்தளை உடம்பில் நெகட்டிவ், அடிப் பொட்டுகளில் ஒவ்வொன்றாகப் பாசிட்டிவ். ஒன்றில் மங்கலாகவும் மற்றதில் பிரகாசமாகவும் எரிந்தால் பல்பு நல்லது.

புதுப் பல்பை மாட்டும் முன் ஹோல்டருக்குள் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்வேன். பல்பு வாங்கும் அவசரத்தில் யாரும் பார்க்காத இடம் அது. அடியில் இரண்டு பித்தளை முனைகள் ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கும். விரல் நுனியால், சாவி ஆஃப் ஆன நிலையில், அமுக்கினால் துள்ளி மேலே வரவேண்டும். துரு ஏறினால் அமுங்கியபடியே நின்றுவிடும். பல்பின் பொட்டு அதைத் தொடாது. மழைத்தண்ணீர் புகுந்த ஹோல்டரில் பச்சை நிறக் களிம்பு பூத்திருக்கும். அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தாது. மெல்லிய உப்புத்தாளைச் சிறு குச்சியில் சுற்றி முனைகளையும் உள்சுவரையும் பித்தளை பளபளக்கும்வரை தேயுங்கள். உள்சுவரை விட்டுவிடக் கூடாது, எர்த் அந்த வழியாகத்தான் போகிறது. பழைய பல்பின் பொட்டில் ஒரு பள்ளம் விழுந்திருப்பதையும் சில நேரம் காணலாம். அதிர்வில் ஹோல்டரின் முனை ஈயத்தை அரித்துத் தேய்த்த தடம் அது. அந்தப் பல்பு எரிந்து எரிந்து அணையும். தேய்த்து முடித்தபின் மின் இணைப்புகளுக்கென்றே விற்கும் கிரீஸை மெல்லியதாகத் தடவினால் ஈரம் அண்டாது.

சுவிட்சுகள்

கால் பிரேக் சுவிட்ச் பெடலுக்கு அருகே செங்குத்தாக நிற்கும் ஒரு சிறு குழல். பெடலோடு ஒரு ஸ்பிரிங்கால் கட்டப்பட்டிருக்கும். பெடல் இறங்கினால் ஸ்பிரிங் உள்ளே இருக்கும் தண்டை இழுக்கும், மின்சாரம் சேரும். சேறு, தண்ணீர், சங்கிலி எண்ணெய் எல்லாம் தெறிக்கும் இடத்தில் இருப்பதால் இரண்டு சுவிட்சில் முதலில் கெடுவது பெரும்பாலும் இதுதான். ஸ்பிரிங் கழன்று விழுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு தண்டைக் கையால் இழுத்துப் பாருங்கள். விளக்கு வந்தால் சுவிட்ச் நன்றாக இருக்கிறது, அட்ஜஸ்ட்மென்ட்தான் தேவை.

அட்ஜஸ்ட் செய்ய, சுவிட்சின் உடம்பைத் திரும்பாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்ப வேண்டும். உடம்பைத் திருப்பினால் ஒயர் முறுக்கிக்கொண்டு உள்ளேயே அறுந்துவிடும். உடம்பு மேலே ஏறினால் விளக்கு சீக்கிரம் வரும், கீழே இறங்கினால் தாமதமாக வரும். பிரேக் பிடிக்கத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் விளக்கு எரிய வேண்டும். வரிசை முக்கியம்: முதலில் பிரேக்கையும் பெடலின் விளையாட்டையும் (பிரேக் பிடிக்கும் முன் பெடல் சும்மா இறங்கும் அளவு) சரிசெய்யுங்கள், அதன் பிறகே சுவிட்ச். டிரம் பிரேக்கில் ஷூ தேயத் தேயப் பெடல் கீழே இறங்கிக்கொண்டே போகும். பிரேக்கை டைட் செய்த அன்று பெடலின் ஓட்டம் மாறும், சுவிட்சின் கணக்கும் மாறும்.

கை பிரேக் சுவிட்ச் லிவரின் அடியில் ஒளிந்திருக்கும் சிறிய பெட்டி. பல வண்டிகளில் லிவர் ஓய்வாக இருக்கும்போது ஒரு குட்டி முளையை அமுக்கிக்கொண்டிருக்கும். லிவரை இழுத்ததும் முளை வெளியே வந்து மின்சாரம் சேரும். தூசி அடைத்து முளை உள்ளேயே ஒட்டிக்கொண்டால் விளக்கு வராது. கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்து முளையைச் சில தடவை அமுக்கி அமுக்கி விட்டால் பல நேரங்களில் உயிர் வந்துவிடும். சில டிஸ்க் பிரேக் வண்டிகளில் லிவரடியில் சுவிட்ச் இருக்காது. பிரேக் ஆயிலின் அழுத்தத்தில் வேலை செய்யும் சுவிட்ச் குழாயின் போல்ட்டிலேயே இருக்கும். அதைக் கழற்றினால் பிரேக்குக்குள் காற்று புகும். கழற்றியபின் காற்றை வெளியேற்றத் தெரியாதவர் அதில் கைவைக்காமல் மெக்கானிக்கிடம் விடுவதே சரி.

சுவிட்ச்தான் கெட்டதா என்று தெரிய, அதற்கு வரும் இரண்டு ஒயரையும் கழற்றி ஒன்றோடொன்று தொடவிடுங்கள். சாவி போட்டிருக்கும்போது பிரேக் லைட் எரிந்தால் சுவிட்ச் போயிற்று. சுவிட்ச் செய்யும் வேலையைத்தான் நாம் கையால் செய்கிறோம், ஆபத்தில்லை. கம்ப்யூட்டர் வழியாக விளக்குகளை இயக்கும் புதிய வண்டிகளில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். அங்கே சுவிட்ச் கம்ப்யூட்டருக்குச் செய்தி அனுப்புகிறது, வண்டியின் கையேடு சொல்லும் முறைப்படிதான் சோதிக்க வேண்டும்.

ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு தடயம். பல ஸ்கூட்டர்களில் பிரேக் லிவரைப் பிடித்தால்தான் செல்ஃப் ஸ்டார்ட் வேலை செய்யும். அந்தத் தகவல் போவதும் இதே பிரேக் சுவிட்ச் வழியாகத்தான். ஒரு லிவரைப் பிடித்தால் ஸ்டார்ட் ஆகிறது, மற்றதைப் பிடித்தால் பட்டனுக்கு அசைவே இல்லை என்றால், ஸ்டார்ட்டரைக் குறை சொல்வதற்கு முன் அந்த லிவரைப் பிடித்தபடி பின்னால் போய்ப் பிரேக் லைட்டைப் பாருங்கள்.

பிரேக் லைட் அணையவே இல்லை என்ற புகாரும் சுவிட்சைச் சேர்ந்ததே. கால் சுவிட்சை அளவுக்கு மேல் ஏற்றி வைத்திருப்பார்கள், அல்லது பெடல் துருவில் இறுகி முழுதாக மேலே வராது, அல்லது லிவரின் போல்ட் தூசியில் இறுகி அதுவும் முழுதாகத் திரும்பாது. கையால் லிவரை வெளிப்பக்கம் தள்ளிப் பாருங்கள், காலால் பெடலை மேலே தூக்கிப் பாருங்கள். எதில் அணைகிறதோ அங்கேதான் கோளாறு. இரண்டிலும் அணையாவிட்டால் சுவிட்ச் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றினாலும் எரிந்துகொண்டே இருந்தால், எங்கோ தோல் உரிந்த ஒயர் இன்னொரு ஒயரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

எர்த்: விசித்திரங்களின் பிறப்பிடம்

பிரேக் பிடித்தால் டெயில் லைட் மங்குகிறது. பிரேக் பிடித்தால் இண்டிகேட்டர் லேசாக ஒளிர்கிறது. ஹெட்லைட் ஆஃப், ஆனால் பிரேக்கை மிதித்தால் மீட்டர் பல்பு மினுக்குகிறது. இப்படித் தலைகால் புரியாத புகார் எது வந்தாலும் நேராக எர்த்துக்குப் போங்கள்.

பின்பக்க எர்த் ஒயர் அறுந்தாலோ துருப்பிடித்தாலோ இரண்டு இழைகளுக்கும் பொதுவான திரும்பும் வழி அடைபடுகிறது. ஆனால் மின்சாரம் நின்றுவிடாது. தெருவாசல் அடைத்திருந்தால் கொல்லைப்புறமாக வெளியேறுகிற ஆளைப்போல, கிடைத்த வேறு வழியைத் தேடிக்கொள்ளும். பிரேக்கின் 21 வாட் இழை வழியாக வந்த மின்சாரம் பல்பின் உடம்பில் தேங்கி, அங்கிருந்து 5 வாட் இழைக்குள் தலைகீழாகப் புகுந்து, டெயில் ஒயர் வழியாகவே முன்பக்கம் போய், மீட்டர் பல்பைக் கடந்து அங்குள்ள எர்த்தில் இறங்கும். அதனால்தான் மீட்டர் மினுக்குகிறது. இண்டிகேட்டரும் அதே எர்த்தில் இணைந்திருந்தால் அதன் இழை வழியாகவும் இப்படியே புகுந்துபோகும்.

சோதிப்பது எளிது. ஒரு நீளமான ஒயரை எடுத்து ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும், மறுமுனையை ஹோல்டரின் உலோக உடம்பிலும் தொடவையுங்கள். விளக்கு சரியாக எரிந்தால் எர்த்தான் கோளாறு. அந்த ஒயர் ஃபிரேமில் போல்ட் போட்டு இறுக்கிய இடத்தைத் தேடிக் கழற்றி, பெயின்டும் துருவும் போகச் சுரண்டி, மறுபடி இறுக்குங்கள். ஃபிரேமுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்தபின் வரும் பின்விளக்குப் புகார்களுக்கு இந்தப் போல்ட் ஒரு வழக்கமான காரணம்.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நுட்பமாகப் பார்க்கலாம். பிரேக்கைப் பிடித்தபடி, பேட்டரி நெகட்டிவுக்கும் ஹோல்டர் உடம்புக்கும் இடையே அளந்தால் 0.1, 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் அவ்வளவும் எர்த்தில் வீணாகிறது. அது சின்ன இழப்பில்லை. இழை பல்பில் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும்.

மல்டிமீட்டரை நம்பி ஏமாறும் இடமும் ஒன்று உண்டு. பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் அளந்தால் 12 வோல்ட் காட்டும். பல்பை மாட்டினால் எரியாது. மீட்டர் இழுக்கும் மின்சாரம் மிகச் சொற்பம் என்பதால், ஒரே ஒரு நரம்பில் தொங்கும் ஒயரிலும் முழு வோல்டேஜ் தெரியும். 21 வாட் இழை கேட்பது 1.75 ஆம்பியர்; அந்த ஒற்றை நரம்பால் அதைக் கொடுக்க முடியாது. ஆகவே பல்பு மாட்டியிருக்கும்போதே அளவெடுங்கள், இல்லையென்றால் மீட்டருக்குப் பதில் 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப் (இரண்டு ஒயர் இணைத்த சோதனைப் பல்பு) பயன்படுத்துங்கள். இந்த வேலைக்கு எனக்கு மீட்டரைவிட டெஸ்ட் லேம்ப்தான் பிடிக்கும்: எரிந்தால் மின்சாரம் உண்மையிலேயே வருகிறது.

ஒயரின் நிறத்தை வைத்து எர்த்தை ஊகிக்காதீர்கள். கறுப்பு என்றாலே எர்த் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. யமஹாவில் பொதுவாகக் கறுப்புதான் எர்த். ஹோண்டாவிலோ பச்சைதான் எர்த். கறுப்பில் சாவி போட்டதும் 12 வோல்ட் வரும். ஒன்றில் பழகிய கையோடு மற்றதில் வேலை செய்தால் பியூஸ்தான் போகும். உங்கள் வண்டியின் ஒயரிங் படத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

பியூஸ் போய்க்கொண்டே இருந்தால்

பியூஸ் ஒருமுறை போவது தற்செயலாக இருக்கலாம். புதிது போட்டதும் போனால் எங்கோ ஷார்ட். பெரிய பியூஸ் போட்டோ, கம்பி சுற்றியோ சமாளிக்க வேண்டாம். பியூஸ் எரியாவிட்டால் ஒயரிங் எரியும். தட்டை வகைப் பியூஸில் சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. கழற்றியது எந்த நிறமோ அதையே போடுங்கள். ஏற்கெனவே யாரோ மாற்றி வைத்திருக்கவும் கூடும் என்பதால் பியூஸ் பெட்டியின் மூடியில் அச்சிட்டிருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எப்போது போகிறது என்று கவனியுங்கள். சாவி போட்டதுமே போனால் ஷார்ட் சுவிட்சுக்கு முன்னால். பிரேக் பிடிக்கும்போது மட்டும் போனால் சுவிட்சுக்கும் பல்புக்கும் இடையில். அந்த ஒயர் பெரும்பாலும் சீட்டுக்கு அடியில் நசுங்கியிருக்கும், அல்லது பின் மட்கார்டுக்குள் கிளிப் கழன்று டயரில் உரசித் தோல் உரிந்திருக்கும். புதிய நம்பர் பிளேட் ஸ்டாண்டோ பெட்டி வைக்கும் கேரியரோ மாட்டியிருந்தால் அதன் போல்ட் ஒயரைக் கடித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பியூஸ்களை வீணாக்காமல் தேட ஒரு நல்ல வழி இருக்கிறது. பின்விளக்குப் பல்பைக் கழற்றிவிட்டு, பியூஸ் இருந்த இடத்தில் டெஸ்ட் லேம்பை இணையுங்கள். பிரேக்கைப் பிடித்தால், ஷார்ட் இருக்கும்வரை லேம்ப் முழுப் பிரகாசமாக எரியும். இனி ஒயர் கட்டைப் பின்னாலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தைத் தொட்டபோது லேம்ப் மங்குகிறதோ அணைகிறதோ அங்கே டேப்பைப் பிரித்துப் பாருங்கள். லேம்ப் மின்சாரத்தை மட்டுப்படுத்துவதால் ஒயர் சூடேறாது, நிதானமாகத் தேடலாம்.

பியூஸ் போகாமல் பல்பு மட்டும் அடிக்கடி போனால் அது வேறு கதை. என்ஜினை 5,000 ஆர்பிஎம் அளவுக்கு முறுக்கிப் பேட்டரியில் அளந்து பாருங்கள், பொதுவாக 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கும். 15-ஐத் தாண்டினால் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. பல்பு மட்டுமல்ல, பேட்டரியும் சீக்கிரம் போகும். வோல்டேஜ் சரியாக இருந்தால் அதிர்வைப் பாருங்கள். விளக்குப் பெட்டியைத் தாங்கும் ரப்பர் புஷ்கள் கெட்டிப்பட்டோ, விழுந்தோ போயிருக்கும்.

எல்இடி விளக்குகள்

எல்இடி பொருத்திய வண்டிகளில் இழை அறும் பிரச்சினை இல்லை. பிரேக் லைட்டுக்கு அதில் உண்மையான ஆதாயமும் உண்டு: இழை பல்பு சூடேறி முழு வெளிச்சம் தர ஏறக்குறைய 0.2 நொடி ஆகும், எல்இடி உடனே எரியும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 0.2 நொடி என்பது 3 மீட்டருக்கும் மேல்; பின்னால் வருகிறவருக்கு அவ்வளவு தூரம் கூடுதலாகக் கிடைக்கிறது.

கோளாறு தேடும் முறை மாறுவதில்லை. சுவிட்ச், பியூஸ், எர்த் எல்லாம் அதேதான். விளக்கின் கனெக்டரில் டெயில் ஒயரிலும் பிரேக் ஒயரிலும் மின்சாரம் சரியாக வருகிறது, எர்த்தும் சரி, ஆனாலும் எரியவில்லை என்றால் விளக்கின் உள்ளே உள்ள சர்க்யூட் போர்டுதான் போயிருக்கிறது. பெரும்பாலும் முழு விளக்கையே மாற்ற வேண்டிவரும். டெயிலுக்கும் பிரேக்குக்கும் ஒரே எல்இடிகளைப் பயன்படுத்தும் விளக்குகளில், டெயிலுக்காக வெளிச்சத்தைக் குறைக்கும் பகுதி கெட்டால் எப்போதும் முழு வெளிச்சமாகவே எரியும். அதைச் சுவிட்ச் கோளாறு என்று நினைத்து அலைய வேண்டாம், பிரேக் ஒயரைக் கழற்றிப் பாருங்கள், அப்போதும் முழு வெளிச்சமாக எரிந்தால் கோளாறு விளக்கில்தான்.

இழை பல்பு இருந்த ஹோல்டரில் எல்இடி பல்பு மாட்டுகிறவர்கள் வெள்ளை நிறத்தை வாங்காதீர்கள். சிவப்புக் கண்ணாடி பெரும்பாலும் சிவப்பு ஒளியையே வெளியே விடும். பல வெள்ளை எல்இடிகளின் ஒளியில் சிவப்புப் பங்கு குறைவு என்பதால் விளக்கு வெளுத்து, ரோஜா நிறமாகத் தெரியும். சிவப்புக் கண்ணாடிக்குச் சிவப்பு எல்இடி. ஒரே விளக்கில் நம்பர் பிளேட்டுக்கு வெளிச்சம் விழ அடியில் நிறமில்லாத சன்னல் இருந்தால் சிவப்பு எல்இடி அந்த வேலைக்கு உதவாது. அங்கே நல்ல இழை பல்பையே வைத்துக்கொள்ளுங்கள். மாட்டியபின் டெயிலுக்கும் பிரேக்குக்கும் வித்தியாசம் தெரிகிறதா என்று உச்சி வெயிலில் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். மலிவான பல்புகள் தோற்பது அந்தச் சோதனையில்தான்.

வந்து வந்து போகும் கோளாறு

பொறுமையைச் சோதிப்பது இதுதான். நிறுத்திப் பார்த்தால் எரியும், ஓட்டினால் போகும். ஒயர் எங்கெல்லாம் வளைகிறதோ அங்கெல்லாம் கவனம் வையுங்கள்: ஹேண்டில்பார் திரும்பும்போது மடங்கும் கழுத்துப் பகுதி, சீட்டுக்கு அடியில் உள்ள கனெக்டர், பின் மட்கார்டில் நுழையும் துளை. ஒருவர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பின்விளக்கைப் பார்க்கட்டும். இன்னொருவர் ஹேண்டில்பாரைக் கோடிக்குக் கோடி திருப்பி, பிறகு ஒவ்வோர் இடமாக ஒயரை அசைத்துவரட்டும். வெளித்தோல் முழுசாக இருந்தும் உள்ளே செம்பு அறுந்திருக்கலாம். அந்த இடத்தை மெல்ல இழுத்தால் ரப்பர் போல நீளும், நல்ல ஒயர் நீளாது. கனெக்டரைப் பிரிக்கும்போது ஒயரைப் பிடித்து இழுக்காமல் பிளாஸ்டிக் உடம்பைப் பிடித்துக் கழற்றுங்கள். உள்ளே ஏதாவது ஒரு பின் பின்னுக்குத் தள்ளப்பட்டுத் தொட்டும் தொடாமலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒயரை வெட்டி இணைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அது கடைசி. முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு அடுத்த மழையில் களிம்பேறிவிடும். ஈயம் வைத்து, மேலே சூட்டில் சுருங்கும் குழாயைப் போட்டு மூடி, ஆடாதபடி ஃபிரேமோடு கட்டிவிடுங்கள். பிறகு ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பியபடி, என்ஜின் ஓடும் நிலையிலும் ஓடாத நிலையிலும் கை பிரேக், கால் பிரேக் இரண்டையும் ஒருமுறை பார்த்துவிட்டு சீட்டை மூடலாம்.